இருக்க வேண்டிய கோடு எங்கே?

விண்மீன்களுக்கு நடுவே இதுவரை 300-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் தொலைநோக்கிப் பக்கத்து ஆள் இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் ஆய்வகத்தில் உட்கார்ந்து மூலக்கூறுகளின் நுண்ணலை நிறமாலையை, அதாவது எந்தெந்த அதிர்வெண்ணில் அவை அலை விடுகின்றன என்பதை, அளந்தவன். அதனால் பதில்களில் வெற்றிடப் பம்பின் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் போய்த் தொட்டுப் பார்க்காத இடத்தில் இன்ன மூலக்கூறு இருக்கிறது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?
— இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவி

வாயுவாக இருக்கும் மூலக்கூறு சும்மா இருக்காது, சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் நினைத்த வேகத்தில் எல்லாம் சுழல முடியாது. குவாண்டம் விதிப்படி அதற்குச் சில ஆற்றல் நிலைகள் மட்டும்தான் அனுமதி. மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வானொலி அலையாக வெளியே வரும். கார்பன் மோனாக்சைடு முதல் நிலையிலிருந்து அடிநிலைக்கு இறங்கினால் 115.271 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் 230.538. மூன்றிலிருந்து இரண்டுக்கு 345.796. வேறு எண் வரவே வராது. நிறமாலையில் இந்த அதிர்வெண் ஒவ்வொன்றும் ஒரு கோடாகத் தெரியும்.

இந்த எண்களைத் தீர்மானிப்பது மூலக்கூறின் நிலைமத் திருப்புத்திறன். அதாவது எந்த அணு எவ்வளவு எடை, எது எதிலிருந்து எவ்வளவு தூரத்தில், என்ன கோணத்தில் இருக்கிறது என்பது. கார்பன் மோனாக்சைடில் சாதாரணக் கார்பனுக்குப் பதில் ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கார்பன்-13 உட்கார்ந்தால், 115.271 இருந்த இடத்தில் 110.201 வரும். ஒரே ஒரு நியூட்ரானுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வித்தியாசம்! கருவியோ அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் காட்டும்.

அசிட்டிக் அமிலம், மெத்தில் ஃபார்மேட், கிளைகோலால்டிஹைடு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். எடை போட்டுப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. சுழற்சிக் கோடுகளைப் பார்த்தால் மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பால்வீதியின் மையத்துக்குப் பக்கத்தில், நம்மிடமிருந்து ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தள்ளி, சஜிட்டேரியஸ் பி2 என்று ஒரு பெரிய வாயு மேகம் இருக்கிறது. இந்த மூன்றுமே அங்கே இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சுழற்சியையே ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும், அதிர்வைப் பார்க்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். குளிர்தான் காரணம். இந்த மேகங்களில் பல 10 கெல்வினில், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸில் கிடக்கின்றன. கார்பன் மோனாக்சைடை அதிரவைக்க 3,000 கெல்வின் அளவுக்கு ஆற்றல் வேண்டும், அடுத்த சுழற்சி நிலைக்கு ஏற்ற 5.5 கெல்வின் போதும். அந்தக் குளிரில் தானாக ஒளி விடக்கூடியது சுழற்சி மட்டுமே.

சரி, தொலைநோக்கியில் ஒரு கோடு வருகிறது. அது இன்ன மூலக்கூறின் கோடு என்பது எப்படித் தெரியும்? பூமியில் யாராவது முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த வேலைதான் எங்களுடையது. பொருளை ஆவியாக்கி, ஆர்கானோடு கலந்து, சிறிய துளை வழியாக வெற்றிடத்துக்குள் சீறவிடுவோம். விரிந்த வேகத்தில் அது சில கெல்வினுக்குக் குளிர்ந்துவிடும். அப்போது ஒரு நுண்ணலைத் துடிப்பைக் கொடுத்தால், துடிப்பு நின்ற பிறகும் மூலக்கூறுகள் தம் அதிர்வெண்ணில் கொஞ்ச நேரம் அலை விட்டுக்கொண்டிருக்கும். அதைப் பதிவு செய்தால் கோட்டின் இடம் சில கிலோஹெர்ட்ஸ் துல்லியத்தில் கிடைக்கும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? கண்ணாடிக் குழாயைக் கழுவிய அசிட்டோன் ஒரு துளி மிச்சமிருந்தால் போதும், நிறமாலை முழுக்க அதுவே வந்து நிற்கும். புதிய மூலக்கூறு என்று யாராவது சந்தோஷமாக ஓடிவந்தால் நான் முதலில் கேட்பது, “குழாயை எதில் கழுவினாய்?”

இன்னொரு சங்கதி: மேகம் நகர்கிறது. சஜிட்டேரியஸ் பி2-வின் பெரும்பகுதி வினாடிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகுகிறது. டாப்ளர் விளைவால் 115 கிகாஹெர்ட்ஸ் கோடு சுமார் 25 மெகாஹெர்ட்ஸ் கீழே தள்ளி வரும். இது குழப்பம் என்று நினைக்காதீர்கள், எங்களுக்கு இது ஒரு சோதனை. ஒரே மூலக்கூறின் எல்லாக் கோடுகளும் ஒரே வேகத்தைக் காட்ட வேண்டும். ஒன்று 64, இன்னொன்று 71 என்று காட்டினால் ஏதோ சரியில்லை.

மெத்தனாலைப் போய் ‘சிக்கலான கரிம மூலக்கூறு’ என்கிறார்களே, இது என்ன கூத்து?
— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

உங்கள் கோபம் நியாயமானது. கார்பன் இருக்க வேண்டும், மொத்தம் ஆறு அணுவாவது இருக்க வேண்டும். வானியலாளர்களின் வரையறை அவ்வளவுதான். மெத்தனாலில் சரியாக ஆறு, அதனால் உள்ளே வந்துவிட்டது. பத்து கெல்வினில், ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் மூலக்கூறு மட்டுமே உள்ள இடத்தில் ஆறு அணுக்கள் ஒன்றுசேர்வதே பெரிய காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டுபிடித்தது எப்போது?
— பள்ளி மாணவர்

1937 முதல் 1941 வரை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மூன்று சின்னஞ்சிறு ஈரணுத் துணுக்குகள் கிடைத்தன. அதோடு நின்றுவிட்டது. விண்மீன்களின் புற ஊதா ஒளி எல்லாவற்றையும் உடைத்துவிடும், பெரிய மூலக்கூறு பிழைக்காது என்பது அப்போதைய நம்பிக்கை. மேகத்துக்குள் இருக்கும் தூசு குடை பிடிக்கும் என்று பலர் யோசிக்கவில்லை. 1963-ல் வானொலியில் ஹைட்ராக்சில், 1968-ல் சார்ல்ஸ் டவுன்ஸ் குழுவின் அம்மோனியா, 1969-ல் தண்ணீர். அதே 1969-ல் கிரீன் பேங்கில் இருந்த 140 அடித் தொலைநோக்கியில் லூயிஸ் ஸ்னைடர், டேவிட் பூல் உள்ளிட்ட நால்வர் ஃபார்மால்டிஹைடைப் பிடித்தார்கள். வானொலியில் கிடைத்த முதல் கரிம மூலக்கூறு அதுதான். மறு வருடம் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் கார்பன் மோனாக்சைடைக் கண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கிளைக்கதை உண்டு. 1941-ல் ஆண்ட்ரூ மெக்கெல்லர் என்பவர், மேலே சொன்ன மூன்று துணுக்குகளில் ஒன்றான சயனோஜனின் கோடுகளை வைத்து அதன் சுழற்சி வெப்பநிலை 2.3 கெல்வின் என்று கணக்கிட்டார். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை. 1965-ல் பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் நிறைந்திருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டபோதுதான், அந்தத் துணுக்கு கால் நூற்றாண்டாக அதன் வெப்பநிலையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது என்று புரிந்தது. பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பென்சியாஸும் வில்சனும்தான்.

விண்வெளியில் சாராயம் இருக்கிறதாமே?
— நண்பர்களோடு பந்தயம் கட்டிய ஒருவர்

இருக்கிறது. 1975-ல் சஜிட்டேரியஸ் பி2-வில் எத்தனாலைக் கண்டார்கள். கூடவே மெத்தனாலும் ஏராளமாக இருக்கிறது, குடித்தால் கண் போய்விடும். 2009-ல் எத்தில் ஃபார்மேட் கிடைத்தபோது “பால்வீதியின் நடுவில் ராஸ்பெரி வாசனை” என்று செய்தி போட்டார்கள். அந்தப் பழத்தின் மணத்தில் அதற்கும் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். மேகத்தில் எவ்வளவு என்பதை மேலே சொல்லிவிட்டேன். மூக்கால் ஒன்றும் செய்ய முடியாது. பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்களா என்று எழுதவில்லையே?

இது வரைக்கும் தவறாக அடையாளம் கண்டு, பிறகு வாபஸ் வாங்கியது உண்டா?
— வழக்கறிஞர்

உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி. எனக்கும் இதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

மிகப் பெரிய வழக்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது, பத்தே அணு. அது விண்மீனிடை வெளியில் இருக்கிறதா என்று 1970-களின் இறுதியிலிருந்து தேடினார்கள். முதல் சிக்கல் ஆய்வகத்திலேயே வந்தது. கிளைசின் திடப்பொருள், சூடாக்கினால் ஆவியாவதற்குள் சிதையத் தொடங்கிவிடும். 1978-ல்தான் அதன் நுண்ணலைக் கோடுகளை அளந்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. கிளைசின் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் மடங்கியிருக்கும். முதலில் அகப்பட்டது ஆற்றல் குறைந்த, அதிகம் இருக்கக்கூடிய வடிவம் இல்லை, இன்னொன்று. அதன் இருமுனைத் திருப்புத்திறன் (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்ற சாய்வு) பெரியது, அதனால் கோடு பலமாகத் தெரிந்துவிட்டது. அதிகம் இருப்பது மங்கலாகத் தெரிந்தது, கொஞ்சம் இருப்பது பளிச்சென்று தெரிந்தது. நிறமாலையில் பலமான கோடு என்றால் அந்தப் பொருள் நிறைய இருக்கிறது என்று பொருள் இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் வழுக்குவார்கள்.

2003-ல் யி-ஜெங் குவான் தலைமையிலான குழு, சஜிட்டேரியஸ் பி2, ஓரியன், டபிள்யூ51 என்ற மூன்று மேகங்களில் கிளைசினைக் கண்டதாக அறிவித்தது. ஒன்றிரண்டு இல்லை, 27 கோடுகள். படித்தபோது எனக்கும் ‘சரி, கிடைத்துவிட்டது’ என்றுதான் தோன்றியது. 2005-ல் ஸ்னைடரும் சகாக்களும், ஆமாம், ஃபார்மால்டிஹைடைக் கண்ட அதே ஸ்னைடர், அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தார்கள். ‘இந்தக் கோடு கிளைசினுடையது என்றால், அதே வெப்பநிலையில் அதே கிளைசின் இன்னின்ன அதிர்வெண்களிலும் இவ்வளவு பலத்தில் தெரிந்தாக வேண்டும்’ என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வரவேண்டிய முக்கியமான கோடுகள் அங்கே இல்லை. வழக்கு தள்ளுபடி. இன்று வரை விண்மீனிடை வாயுவில் கிளைசின் உறுதியாகவில்லை.

27 கோடுகள் எப்படித் தற்செயலாகப் பொருந்தும்? சஜிட்டேரியஸ் பி2-வின் நிறமாலையைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே வெற்றிடமே கிடைக்காத பகுதிகள் உண்டு. எந்த மூலக்கூறின் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் சில கோடுகள் எதன் மேலாவது போய் விழும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லவே செல்லாது. பொருந்துகிற கோடுகள் எத்தனை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நான் வராத கோடுகளின் கணக்கைத்தான் கேட்பேன். இருக்க வேண்டிய கோடு ஒன்றே ஒன்று, வேறெதுவும் மறைக்காத இடத்தில், இல்லாமல் போனால் கதை முடிந்தது.

எதிர்த்திசைக் கதையும் ஒன்று உண்டு. 1970-ல் பூலும் ஸ்னைடரும் 89.19 கிகாஹெர்ட்ஸில் ஒரு பலமான கோட்டைப் பல மேகங்களில் கண்டார்கள். பூமியில் யாரும் அளந்த எதனோடும் அது பொருந்தவில்லை. பொருந்தாததற்குப் பெயர் வைக்காமல், ‘எக்ஸ்-ஓஜன்’ என்று மட்டும் குறித்துவிட்டார்கள். அது ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த நேர்மின் அயனியாக இருக்கலாம் என்று வில்லியம் க்ளெம்பெரர் அதே வருடம் யூகித்தார். அந்த அயனி ஆய்வகத்தில் கணநேரம்கூட நிற்காது, எதிலாவது மோதிக் காணாமல் போகும். 1975-ல்தான் விஸ்கான்சினில் க்ளாட் வுட்ஸ் குழு அதை மின்னிறக்கக் குழாயில் உண்டாக்கி, அளந்து, யூகம் சரி என்று காட்டியது. ஐந்து வருடம் பெயரில்லாமல் இருந்ததால் அந்தக் கோட்டுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பென்சீனுக்குச் சுழற்சிக் கோடு கிடையாதே, அதை எப்படிக் காண்பீர்கள்?
— மேலே கோபப்பட்ட அதே ஆசிரியர்

விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! சரியாகப் பிடித்தீர்கள். சுழலும் மூலக்கூறு வானொலி அலை விட வேண்டுமானால் அதற்கு ஒரு பக்கம் நேர்மின், ஒரு பக்கம் எதிர்மின் என்று சாய்வு இருக்க வேண்டும். பென்சீன் கச்சிதமான அறுகோணம், சாய்வே இல்லை. வானொலிக்கு அது இருட்டு. 2001-ல் ஹோசே செர்னிச்சாரோ குழு, செத்துக்கொண்டிருக்கும் ஒரு விண்மீனைச் சுற்றிய வாயுவில் அகச்சிவப்பு அதிர்வுக் கோட்டின் மூலம் பென்சீனைக் கண்டது. குளிர்ந்த இருண்ட மேகத்தில் அந்த வழியும் கை கொடுக்காது.

அதனால் குறுக்கு வழி. பென்சீனில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு சயனோ தொகுதியை (ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்தது) ஒட்டினால் பென்சோநைட்ரைல். சாய்வு பலமாக வந்துவிடும். 2018-ல் பிரெட் மெக்குவையர் குழு, டாரஸ் மேகத்தில் டிஎம்சி-1 என்ற இடத்தில், கிரீன் பேங்கின் 100 மீட்டர் தொலைநோக்கியால் இதைக் கண்டது. அங்கே வாயு மிக அமைதியானது, கோடுகள் ஊசி போல மெல்லியவை. நைட்ரஜன் அணுக்கருவால் கோடுகள் நுணுக்கமாகப் பிளவுபடும், அந்தப் பிளவுகூட ஆய்வக அளவோடு ஒத்துப்போனது. இது போதும் எனக்கு. பிறகு 2021-ல் இரண்டு வளையம் கொண்ட சயனோநாஃப்தலீன், 2024-ல் நான்கு வளையம் கொண்ட சயனோபைரீன்.

பெரிய மூலக்கூறுகளில் ஒவ்வொரு கோடும் இரைச்சலுக்குள் புதைந்திருக்கும், நூற்றுக்கணக்கான கோடுகளை அடுக்கிக் கூட்டித்தான் சமிக்ஞையை எடுக்கிறார்கள். அந்த முறை முதலில் வந்தபோது என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு உறுத்தியது. தனித்தனியாகக் கண்ணில் படாத கோடுகளைக் கூட்டி ஒன்றாகக் காட்டலாமா? ஆனால் அதிர்வெண்ணை வேண்டுமென்றே தப்பாக மாற்றிக் கூட்டினால் சமிக்ஞை மறைந்துவிடுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆய்வகத்தில் நுண்ணிய அளவு இருக்கும் வரைக்கும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இதெல்லாம் வேறெங்கோ உயிர் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியா?
— மூன்று பேர்

இல்லை. தூசுத் துகளின் மேல் கார்பன் மோனாக்சைடு பனியாக உறைகிறது. அதன்மேல் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டினால் ஃபார்மால்டிஹைடு, பிறகு மெத்தனால். 2002-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் வடனபேயும் கௌச்சியும் இதைக் குளிர்ந்த பனியில் செய்தே காட்டினார்கள். 2024-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களைச் சுற்றிய பனியிலேயே எத்தனால் போன்றவை இருப்பதற்கான தடயங்களைக் காட்டியது. உயிர் எதுவும் தேவைப்படவில்லை, குளிரும் காலமும் போதும்.

உயிருக்குப் பக்கத்தில் வருகிற கேள்வி, இடக்கை வலக்கை. சில மூலக்கூறுகள் நம் இரண்டு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் இருக்கும். நம் உடம்பின் புரதங்களில் இடக்கை அமினோ அமிலங்கள் மட்டுமே. 2016-ல் சஜிட்டேரியஸ் பி2-வில் ப்ரொப்பிலீன் ஆக்சைடு கிடைத்தது. விண்மீனிடை வெளியில் கண்ட முதல் கைத்தன்மை மூலக்கூறு அது. ஆனால் எந்தக் கை அதிகம் என்று தெரியாது. இரண்டு வடிவங்களுக்கும் நிலைமத் திருப்புத்திறன் ஒன்றே, கோடுகளும் ஒன்றே. எங்கள் முறைக்கு இந்த இடத்தில் கண் கிடையாது. பென்னு சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மண்ணில் நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். அங்கே இரண்டு கையும் ஏறக்குறைய சம அளவு.

தொலைநோக்கி இல்லாத நாங்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?
— கணினித் துறையில் இருப்பவர்

தாராளமாக. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு நிற்கிறது ஆல்மா என்ற வானொலித் தொலைநோக்கி. அது எடுக்கும் தரவுகள், வழக்கமாக ஒரு வருடக் காத்திருப்புக்குப் பிறகு, எல்லாருக்கும் திறந்துவிடப்படும். ஆய்வகங்கள் அளந்த கோடுகளின் பட்டியலைக் கொலோன் பல்கலைக்கழகமும் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியும் இலவசமாக வைத்திருக்கின்றன. ஓரியன் மேகத்தின் ஒரு நிறமாலையை எடுங்கள். முதலில் மெத்தனாலின் கோடுகளை அடையாளம் கண்டு குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கோடுகள் ஏராளம், அதை ஓரம்கட்டாமல் வேறெதையும் தேட முடியாது. அப்புறம் மெத்தில் ஃபார்மேட், டைமெத்தில் ஈதர். மிச்சம் நிற்பவற்றை நாங்கள் ‘யூ’ என்று எழுதி வைப்போம், அடையாளம் தெரியாதவை. அதில் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் வைக்கத் தோன்றினால், அந்த மூலக்கூறின் மற்றக் கோடுகளையும் பட்டியலில் இருந்து இறக்கி ஒப்பிட்டுவிட்டு, எந்தெந்த அதிர்வெண்ணில் எது வந்தது, எது வரவில்லை என்ற விவரத்தோடு எனக்கு எழுதுங்கள்.